அமெரிக்க ஜனாதிபதியின் பேரில் ஓர் அர்ச்சனை

அமெரிக்காவில் புதிய ஜனாதிபதி பதவியேற்றதற்கு மறுநாள் திருகோணமலையில் மீன் விலை ஏறவில்லை. பஸ் ஒன்றும் ஓடாமல் நிற்கவில்லை. கப்பல்கள் வழக்கம்போலத் துறைமுகத்துக்குள் வந்தன, நகரத்துக்குள் திரியும் மான்கள் வழக்கம்போலச் சந்தைக் குப்பையில் முட்டைக்கோவா இலை மேய்ந்தன. ஆனாலும் உப்புவெளிப் பக்கத்தில், கிணற்றடி ஒழுங்கையில், கனகரத்தினத்தின் வீட்டில் அன்று காலை அடுப்பு மூட்டப்படவில்லை.

அதற்குத் தகுந்த காரணம் இருந்தது. விசாத் தாள் இல்லாதவர்களையும் தாள் அரைகுறையானவர்களையும் பிடித்து அவரவர் ஊருக்கே அனுப்பப்போவதாகப் புதியவர் சொல்லியிருந்தார். கனகரத்தினத்தின் ஒரே மகன் சுகிர்தனின் தாள் அரைகுறை. நியூ ஜேர்சி என்ற இடத்தில் ஒரு பெற்றோல் செட்டில் நின்று, வருகிற கார்களுக்கு எண்ணெய் அடிப்பது அவனுடைய உத்தியோகம். அந்த மாநிலத்தில் காரோட்டிகள் தாங்களே எண்ணெய் அடிப்பதற்குச் சட்டம் இடம் கொடுக்காது. அமெரிக்கச் சட்டங்கள் அத்தனையிலும் கிணற்றடி ஒழுங்கை மனப்பூர்வமாக ஆதரித்தது அந்த ஒன்றைத்தான்.

செய்தி பரவியதும் அயலவர்கள் செத்தவீட்டுக்கு வருகிற முகத்தோடு வந்தார்கள். ஒருத்தி பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுவந்தாள். இன்னொருத்தி செருப்பை வாசலுக்கு வெளியே கழற்றும்போதே அழத் தொடங்கிவிட்டாள். சுகிர்தனின் தாய் அன்னலட்சுமி கதிரையில் சாய்ந்து, "என்ர பிள்ளையைக் கப்பல் கப்பலா ஏத்தப்போறாங்களாம்" என்று நெஞ்சில் கைவைத்தாள். "கப்பல் இல்லையப்பா, பிளேன்" என்று கனகரத்தினம் திருத்தினார். அவர் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். முப்பது வருஷம் பிறநாட்டுக் கப்பல்களை இழுத்துவந்து கரையில் கட்டியதால் பிறநாட்டு விவகாரங்களும் தன் கயிற்றில்தான் கட்டியிருக்கின்றன என்பது அவருடைய எண்ணம்.

வந்தவர்கள் எல்லோரும் கடைசியில் மருமகள் யோகமலரைப் பார்த்தார்கள். அவள் குசினி வாசலில், தலை குனிந்துகொண்டு நின்றாள்.

"யோசியாதை மலர், கடவுள் விடமாட்டார்" என்றார்கள்.

மலர் இன்னும் தலை குனிந்தாள். பெண்கள் அதைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். அவள் குனிந்ததற்குக் காரணம் வேறு. அவளுடைய முகத்தில் அந்த நேரத்தில் இருக்கக்கூடாத ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்திருந்தது; அதை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

மலருக்கும் சுகிர்தனுக்கும் கலியாணமாகிப் பன்னிரண்டு வருஷம் நெருங்குகிறது. அதில் அவர்கள் சேர்ந்து வாழ்ந்தது ஒரு சித்திரையிலிருந்து அடுத்த மார்கழி வரைக்கும். பிறகு ஒரு ஏஜென்சிக்காரன் அவனை விமானத்திலும் பஸ்ஸிலும் காட்டிலும் ஆற்றிலுமாக, பூகோளப் புத்தகத்தில்கூட இவ்வளவு நெருக்கமாக இல்லாத பல நாடுகளுக்கூடாகக் கொண்டுபோய் அமெரிக்க எல்லையில் விட்டான். அவன் அங்கே அகதி வழக்குப் போட்டான். வழக்கு ஒவ்வொரு முறையும் தள்ளிப்போனது. வழக்கு முடியாமல் அவன் அந்த நாட்டை விட்டு அசைந்தால் திரும்ப உள்ளே போக ஏலாது. ஆகவே அவன் வரக்கூடாது என்பது வீட்டின் முடிவு. அதை யாரும் கூடிப் பேசி எடுக்கவில்லை. சுவரில் ஈரம் ஏறுவதுபோல அது தானாக ஏறிய முடிவு. அவன் அனுப்பியதில்தான் கனகரத்தினத்தின் கண்ணில் வெண்படலம் எடுத்தார்கள், வீட்டுக்குக் கொங்கிறீட் தட்டுப் போட்டார்கள். தட்டுக்கு மேலே, வராத மேல்மாடியை எதிர்பார்த்து, தூண் கம்பிகள் வானத்தைப் பார்த்துத் துருப்பிடித்துக்கொண்டு நின்றன.

"வாங்கோ" என்று ஒரு சொல்லை மலர் அவனிடம் சொன்னதில்லை. அந்த ஒழுங்கையில், உழைக்கிற புருஷனைப் பார்த்து வா என்கிற பெண்சாதி மாமியாரின் சோற்றுக் கோப்பையைத் தட்டிவிடுகிறவள். உலகத்தில் வேறு யாராவது அவளுக்காக அந்தச் சொல்லைச் சொல்லவேண்டும். அப்படிச் சொல்லக்கூடிய அதிகாரமும் மனத்தைரியமும் உள்ள ஓர் ஆள் இப்போதுதான் பதவிக்கு வந்திருந்தார்.

*

மலர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கொமினிகேசன் கடையில் வேலை செய்தாள். போட்டோக் கொப்பி எடுப்பதும், போன்களுக்கு ரீலோட் போடுவதும், வெளிநாட்டு விண்ணப்பங்களைக் கணினியில் நிரப்பிக் கொடுப்பதும் வேலை. கூட வேலை செய்தவள் கிண்ணியாவிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிற பரீதா. பரீதாவின் புருஷன் கட்டாரில் சாரதி. ஊரில் எவ்வளவோ பெண்களுக்கு எவ்வளவோ இருந்தது. மலருக்குப் பொறாமை வந்தது பரீதாவிடம் மட்டும்தான்.

"எங்கட மனிசன் ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வாறாரு. வந்தா ரெண்டு மாசமும் டீவி ரிமோட்டக் கையில இருந்து விடமாட்டாரு. ஒரே சண்டை புள்ள" என்று பரீதா அலுத்துக்கொள்வாள்.

"எனக்கு அந்த ரிமோட்டுச் சண்டைதான் வேணும்" என்று மலர் ஒருநாள் சொன்னாள். சொன்னபின் இருவரும் கொஞ்ச நேரம் மெஷினுக்குத் தாள் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

தை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், மலர் கடற்கரைப் பக்கத்துச் சின்னப் பிள்ளையார் கோயிலுக்குப் போனாள். காலைப் பூசைக்குத்தான் வழக்கமாக மாமி அன்னலட்சுமி வருவாள், மத்தியானத்தில் ஆளிருக்காது. தட்டில் தேங்காயும் பழமும் வெற்றிலையும் வைத்து ஐயரிடம் நீட்டினாள்.

"பேர்?" என்றார் ஐயர்.

"ஒரு வெளியாள், ஐயா."

"வெளியாளெண்டாலும் தாய்தேப்பன் பேர் வைச்சிருப்பினமெல்லோ."

மலர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பேரைச் சொன்னாள். ஐயர் தட்டைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் பிள்ளையாரையே பார்த்தார்.

"அந்தாளோ?"

"ஓம் ஐயா. அந்தாள்தான்."

"நட்சத்திரம்?"

"தெரியாது."

"ராசியாவது?"

"தெரியாது ஐயா. கொஞ்சம் கோவக்காரர்."

"கோவத்தை வைச்சு நட்சத்திரம் சொல்லேலாது அம்மா. கோவக்காரர் இருபத்தேழு நட்சத்திரத்திலயும் இருக்கினம்." ஐயர் யோசித்தார். "நட்சத்திரம் தெரியாட்டி சுவாமியின்ர பேரில செய்யிறது வழக்கம். பலன் ஆருக்குப் போகோணுமோ அவருக்குப் போகும்."

"அவ்வளவு தூரம் போகுமோ?"

"லண்டனுக்கும் கனடாவுக்கும் போகுது. உது அதுக்குப் பக்கத்திலதானே." ஐயர் மந்திரத்தைத் தொடங்குவதற்கு முன் கடைசியாகக் கேட்டார். "என்ன வேண்டுதல்?"

"அவர் எடுத்த காரியம் தடையில்லாமல் நடக்கோணும்."

ஐயர் அவளை நிமிர்ந்து பார்த்தார். புருஷன் அந்த நாட்டில் இடரில் இருக்க, அந்த நாட்டுத் தலைவருக்கே நன்மை வேண்டுகிற பெண்ணை அவர் தன்னுடைய சேவைக் காலத்தில் கண்டதில்லை. கண்கலங்கி, அன்று மணியை வழக்கத்தைவிடக் கூடுதலாக ஆட்டினார்.

கடைக்குத் திரும்பிய மலரின் நெற்றியில் திருநீற்றைக் கண்டு பரீதா விசாரித்தாள். பொய் சொல்ல மலருக்கு அவகாசம் கிடைக்கவில்லை.

"ஒனக்கென்ன பைத்தியமா புள்ள? அந்தாளுக்கா அர்ச்சன?" பரீதா கையிலிருந்த தாள்களை மேசையில் போட்டாள். "கிண்ணியாவுல நாங்க ஒவ்வொரு தொழுகைக்குப் பொறகும் அந்தாளுக்கு நல்ல புத்தியக் குடு, குண்டுக்குள்ள கெடக்கிற அந்தச் சனத்த விட்டுவைக்கச் சொல்லுண்டு கையேந்துறம். நீ இங்கால நிண்டு தேங்கா ஒடைக்கிற!"

"சத்தம் போடாதை. நட்சத்திரம் தெரியாமல் சுவாமி பேரிலதான் செய்தனான்."

"நட்சத்திரத்துக்கா பஞ்சம்? அவங்கட கொடியிலயே அம்பது கெடக்கு. ஒண்டப் புடுங்கிக் குடு."

மலர் சிரித்தாள். சிரிப்பு நடுவில் உடைந்துபோய், முகத்தைத் துடைக்கிற மாதிரிச் சேலைத் தலைப்பைத் தூக்கினாள். பரீதா கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டாள்.

"எதுக்குடி இந்தச் சுத்து? அவரிட்ட நேரா வாங்கண்டு சொல்லன்."

"எப்பிடிச் சொல்லுறது?"

"வாயாலதான்."

"நான் சொல்லி அவர் வந்தா, வீட்டில உலை கொதிக்க வைக்கிற ஆளை நான் இழுத்து விழுத்தினதெண்டு ஆயுசுக்கும் கதை. அரசாங்கம் அனுப்பிச்செண்டா, அது விதி. ஒருத்தரும் என்னை ஒண்டும் கேக்கேலாது." மலர் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு வாற ஆவணியோட நாப்பது பரீதா. இனி எத்தினை வருசம் நான் சும்மா இருந்து பாக்கிறது?"

பரீதா எழுந்துபோய் மெஷினில் சிக்கிய தாளை மெதுவாக இழுத்தெடுத்தாள். "அல்லாஹ் பெரியவன்" என்றாள். எந்தப் பக்கத்துக்கு என்று சொல்லவில்லை.

*

வெளிநாட்டு அரசியலில் ஒரு தெருவே நிபுணத்துவம் பெறுவது எப்படி என்று அறிய விரும்புபவர்கள் அந்த மாதங்களில் உப்புவெளிச் சந்தியின் தேத்தண்ணிக் கடைக்கு வந்திருக்கவேண்டும். கனகரத்தினம் தினமும் காலையில் அங்கே தலைமை வகித்தார். அமெரிக்காவின் கண் ஊருக்குப் பக்கத்துச் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில்தான் என்று ஒருவர் சத்தியம் செய்தார். தாங்கிகளில் பாதியில் எண்ணெயே இல்லை, காடுதான் மண்டிக் கிடக்கிறது என்று இன்னொருவர் ஞாபகப்படுத்தியபோது, காட்டிலும் அவர்களுக்குக் கண் என்று தீர்மானமாயிற்று. நமது நாட்டுச் சாமான்களுக்கு அந்த ஆள் வரி போட்ட செய்தி வந்த அன்று, கடைக்காரன் வடையின் விலையைக் கூட்டினான். வடை அமெரிக்காவுக்குப் போவதில்லையே என்று கேட்டவருக்கு, "உலகப் பொருளாதாரம் உங்களுக்கு விளங்காது" என்று பதில் கிடைத்தது.

ஓட்டோக்காரன் மதுசன் மட்டும் எதிர்க்கட்சி.

"என்னெண்டாலும் ஐயா, அந்தாள் ஆம்பிளை. சொன்னதைச் செய்யுது."

"உன்ர தமையனைப் பிடிச்சு அனுப்பேக்க தெரியும், ஆம்பிளையோ ஆரோ எண்டு."

"எனக்குத் தமையன் இல்லை ஐயா. அதாலதான் துணிஞ்சு சொல்லுறன்."

அங்கத்தைய நீதிபதிகள் அந்த ஆளின் கட்டளைகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாகத் தடை போட்டார்கள். தடை விழுகிற நாட்களில் கனகரத்தினம் வீட்டுக்கு வடையோடு வந்து, "நீதி சாகேல்லை" என்று அறிவிப்பார். மாமி கும்பிடுவாள். மலர் வடையை வாங்கிக் கோப்பையில் வைப்பாள். இவ்வளவு சுறுசுறுப்பான நீதிபதிகள் இருக்கிற நாட்டில் தன் புருஷனின் வழக்கு மட்டும் ஏன் பதினொரு வருஷமாகத் தூங்கியது என்று யோசிப்பாள்.

சுகிர்தன் தினமும் காலையில், மலர் இடியப்பம் அவிக்கிற நேரத்தில், வேலை முடிந்து அறைக்கு வந்து போன் எடுப்பான். அங்கே இரவு. அறையில் அவனோடு இன்னும் நாலு பேர். இங்கே போன் மேசை நடுவில் சீனிப்போத்தலில் சாத்தி நிற்கும், வீடு முழுக்கக் கேட்கும். முதலில் மாமி. பிறகு உலக நிலவரம் பற்றி மாமா. கடைசியாக, "மலர் நிக்கிறாவோ?" என்பான். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வருவாள்.

"சாப்பிட்டீங்களோ?"

"ஓம். நீர்?"

"இனித்தான்."

பன்னிரண்டு வருஷத் தாம்பத்தியத்தில் இந்த மூன்று வசனங்களும் தேய்ந்து, நாணயத்தின் தலைபோல முகம் தெரியாமல் வழுவழுப்பாகிவிட்டன. ஆனாலும் அவற்றுக்குள்ளும் அவள் கேட்டாள். இருமலை வைத்துக் குளிர் தொடங்கிவிட்டதை அறிந்தாள். "ஓம்" என்பதற்கு முன்னால் ஒரு மூச்சு பிந்தினால் அவன் சாப்பிடவில்லை என்று அறிந்தாள். இந்த வருஷம் மூச்சு அடிக்கடி பிந்தியது.

பங்குனியில் விஷயம் வெளிவந்தது; ஆனால் நேராக வெளிவரவில்லை. ஐயர் ஒரு காலைப் பூசையில் அன்னலட்சுமியைக் கூப்பிட்டு, "உங்கட மருமகள் சாதாரண பெட்டையில்லை. வெள்ளிக்கு வெள்ளி அமெரிக்கத் தலைவரின்ர பேரில அர்ச்சனை செய்யிறா. பகையாளிக்கும் நல்லது நினைக்கிற மனசு" என்று சொல்லிவிட்டார். மாமி வீட்டுக்கு வந்து மருமகளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அந்தாளின்ர மனம் இளகோணுமெண்டு நீ தனியப் போய்க் கும்பிட்டிருக்கிறாய், எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே பிள்ளை."

மலர் கையை விடுவித்துக்கொண்டு, மாமிக்குத் தண்ணீர் எடுக்கக் குசினிக்குப் போனாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாமியும் வந்தாள், மோதகம் அவித்துக்கொண்டு. அதற்கடுத்த வெள்ளிக்கு ஒழுங்கையில் பாதிப் பெண்கள் வந்தார்கள். அவர்களில் கனபேருக்கு எங்காவது ஒரு நாட்டில் அரைகுறைத் தாளோடு ஒரு பிள்ளை இருந்தது. சித்திரை முடிவதற்குள் அந்தச் சின்னக் கோயிலில் அமெரிக்க ஜனாதிபதியின் அர்ச்சனை ஊர் வழக்கமாகிவிட்டது. தேத்தண்ணிக் கடையில் கனகரத்தினம், "அங்க அவர் குழப்புறார், இஞ்ச நாங்கள் ஆத்துறம்" என்று அறிக்கை விட்டார். ஒரே சந்நிதியில், ஒரே ஆளின் பேரில், பக்கத்தில் பக்கத்தில் நின்று, மாமி அவர் மனம் இளகட்டும் என்றாள். மருமகள் இளகவேண்டாம் என்றாள். இரண்டு தட்டிலும் தேங்காய் ஒரேமாதிரி இரண்டாகப் பிளந்தது. பிள்ளையார் அந்த மாதங்களில் எடுத்த தீர்மானம் என்னவென்று யாருக்கும் தெரியாது. மோதகம் மட்டும் ஒழுங்காகச் செலவானது.

மலரால் மோதகம் சாப்பிட முடியவில்லை. மாமி கண்ணை மூடிக் கும்பிடும்போது உதடு நடுங்குவதை அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். அந்த உதடு கேட்பதும் அதே பிள்ளைக்குத்தான். அதற்குப் பிறகு இரண்டு கிழமை, தட்டை நீட்டிவிட்டு ஒன்றும் வேண்டாமல் நின்றாள்.

*

ஆனியில் ஒரு காலை, போன் வழக்கத்தைவிட முந்தி அடித்தது. சுகிர்தனின் முகம் திரையில் குறுக்காகத் தெரிந்தது. போனை எதிலோ சாத்தத் தெரியாமல் கையில் பிடித்திருந்தான்.

"அம்மா, எங்கட செட்டில கூட வேலை செய்யிறவன் ஒருத்தன், குவாத்தமாலாக்காரன். எனக்கு இடைக்கிடை சோளரொட்டி கொண்டுவந்து தாறவன். நேற்றுத் தன்ர வழக்குக்குக் கோட்டுக்குப் போனவன். வாசலில வைச்சே பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள். இப்ப எங்கையெண்டே தெரியாது. எனக்கும் அடுத்த மாசம் தவணை."

"போகாதை தம்பி!" என்றாள் மாமி.

"போகாட்டி அதைவிடப் பிழை. தேடி வருவாங்கள்." அவன் தொண்டையைச் செருமினான். "இன்னொரு வழியிருக்கு. தானாப் போறனெண்டு பதிஞ்சா, ரிக்கற்றும் போட்டு அனுப்புறாங்களாம். ஆனாப் போனாப் போனதுதான். திரும்பி வரேலாது."

கனகரத்தினம் மேசைக்கு நெருங்கினார். "அவசரப்படாதை. உந்த ஆட்சி நாலு வருசம். இந்த வருசம் எப்பிடியும் போயிடும். மிச்சம் மூண்டையும் எங்கையாவது பதுங்கியிருந்து தள்ளிவிடு. பதினொண்டு தள்ளினனி, மூண்டு பெரிசோ?"

மேசையில் போனுக்குப் பக்கத்தில் கைவைத்திருந்த மலருக்கு, அந்த மூன்று என்ற சொல் கையிலே சுட்டது.

"பயப்படாதை ராசா" என்று மாமி திரையைத் தடவினாள். "இஞ்ச ஊரே அந்தாளின்ர பேரில அர்ச்சனை செய்யுது. துவக்கினது உன்ர பெண்சாதிதான்."

"அந்தாளின்ர பேரிலயோ?" பல மாதங்களுக்குப் பிறகு சுகிர்தனின் குரலில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. "மலர், உண்மையாவோ? என்னத்துக்கு?"

"மனம் இளகத்தான்" என்றாள் மாமி.

"இல்லை" என்றாள் மலர்.

அவள் இவ்வளவு சத்தமாக அந்த வீட்டில் பேசியதில்லை. குசினியில் இடியப்பப் பானை கொதித்துக்கொண்டிருந்தது.

"மனம் இளக இல்லை. உங்களை அனுப்பத்தான்."

உலகத் தலைவர்கள் அனைவர் பற்றியும் ஓர் அபிப்பிராயம் வைத்திருந்த கனகரத்தினத்திடம் மருமகள் பற்றி ஒன்றும் கைவசம் இருக்கவில்லை. மாமி கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல மருமகளின் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நான் அவிச்ச மோதகமெல்லாம்?"

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ மாமி."

நியூ ஜேர்சியில் பின்னால் யாரோ கட்டிலில் புரளும் சத்தம் கேட்டது. சுகிர்தன் குரலைத் தணித்தான்.

"இதை நீர் என்னட்டைச் சொல்லியிருக்கலாமே."

"நீங்கள் கேக்கேல்லை."

"அங்க ஒருத்தருக்கும் நான் வாறது விருப்பமில்லையெண்டு நினைச்சன் மலர். நீரும் சாப்பிட்டீங்களோ எண்டு மட்டும்தான் கேக்கிறனீர்." அவன் போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தான். "இப்ப கேக்கிறன். நான் என்ன செய்ய?"

மலர் மாமியைப் பார்க்கவில்லை. மாமாவைப் பார்க்கவில்லை. அமெரிக்க ஜனாதிபதி இந்த இடத்தில் ஓர் உதவிக்கும் வரமாட்டார் என்பதும் அவளுக்கு விளங்கியது. சேலைத் தலைப்பை விரலில் சுற்றியிருந்ததை அவிழ்த்தாள்.

"வாங்கோ."

"மேல்மாடி..." என்று தொடங்கினார் கனகரத்தினம்.

"மேல்மாடியில ஆர் படுக்கிறது? காகமோ?" என்று அன்னலட்சுமி அவர் மேல் விழுந்தாள். அந்தக் கோபம் உண்மையில் யார்மேல் என்பதை அவளே தீர்மானிக்கவில்லை. மூக்கை உறிஞ்சினாள். பிறகு, ஒரு பிள்ளையைக் கடைக்கு அனுப்பும்போது பேசுகிற சாதாரணக் குரலில் சொன்னாள்: "தம்பி, வாறதெண்டா அந்தக் குளிருக்குப் போடுற மொத்தச் சட்டையளை அங்கையே ஆருக்காவது குடுத்திட்டு வா. இஞ்ச அலுமாரியில இடமில்லை."

அதற்குப் பிறகு மூன்று நாள் அவள் மருமகளோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் கறிக்கு உப்புக் காணாது என்று சொன்னாள்.

*

சுகிர்தன் பதிந்தான்; அடுத்த மாசத் தவணையும் அதோடு தள்ளிப்போனது. போகமாட்டேன் என்பவர்களை வீதியிலும் கோட்டு வாசலிலும் வைத்து அள்ளிக்கொண்டு போகிற அரசாங்கம், போகிறேன் என்று கையுயர்த்தியவனை வரிசையில் நிறுத்தியது. கேட்ட விபரத்தையே திரும்பக் கேட்டது. பதில் வரும் என்றது. அவனது பாஸ்போட் எப்போதோ காலாவதியாகியிருந்தது. அதற்கு அங்கிருக்கிற எங்கள் அரசாங்கத்தின் தூதரகத்துக்குப் போனான். அங்கும் பதில் வரும் என்றார்கள். இரண்டு அரசாங்கங்களும் வேறு எதிலும் இவ்வளவு ஒற்றுமையாக இருந்ததாகத் தகவலில்லை. தேத்தண்ணிக் கடையில் கனகரத்தினம், "பாத்தீங்களோ, என்ர மகனை விட அவங்களுக்கு மனமில்லை" என்றார். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பரீதா விஷயத்தைக் கேட்டதும் கடையில் வாடிக்கையாளர் நிற்க எழுந்துவந்து மலரைக் கட்டிப்பிடித்தாள். "மறுகா என்ன, அந்தாளுக்கு இன்னும் தேங்கா ஒடைக்கிறியா?"

"இல்லை. இனி அந்தாளுக்கும் எனக்கும் ஒரு கதையுமில்லை."

ஆடி போனது. ஆவணியும் பிறந்துவிட்டது. மலருக்கு நாற்பது வந்த அன்றும் அவன் வழக்கமான நேரத்தில் எடுத்தான். மாமியும் மாமாவும் பேசிமுடித்துவிட்டு, ஏதோ வேலை இருப்பதுபோல முற்றத்துக்குப் போனார்கள். மாமி போகும்போது மாமாவையும் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"இன்னும் ஒண்டும் வரேல்லை" என்றான் சுகிர்தன்.

"வரும்."

"மலர், வந்தா நீர் என்னை அடையாளம் காணுவீரோ?"

"முகத்தை ஒவ்வொரு நாளும் பாக்கிறன்தானே." அவள் திரைக்குக் கிட்டப் போனாள். அதில் அவன் கழுத்து வரைக்கும்தான் இருந்தான். பதினொரு வருஷமாகக் கழுத்து வரைக்கும்தான் இருந்தான். "ஆனா ஒண்டு மறந்துபோனன். உங்களுக்குப் பக்கத்தில நிண்டா, என்ர தலை உங்கட தோளுக்கு வருமோ, காதுக்கு வருமோ? எவ்வளவோ யோசிச்சுப் பாத்திட்டன். பிடிபடேல்லை."

அவனுடைய ஒரு கை திரையின் ஓரத்தில் எழுந்தது. அந்தரத்தில், தன் தோளுக்குப் பக்கத்தில், ஓர் உயரத்தில் நின்றது. கொஞ்சம் மேலே போனது. பிறகு கொஞ்சம் கீழே இறங்கியது. அங்கும் நிற்காமல் திரும்ப மேலே வந்தது.

"எனக்கும் தெரியேல்லை மலர்."

"பறவாயில்லை" என்றாள். "வந்து நில்லுங்கோ. பாப்பம்."